திறக்க மறுக்கும் பென் டிரைவ்

உருவத்தாற் சிறிதாயினும் பயனாற் பெரிதாகிய பொருள்கள் உலகிற் பல உண்டு. வீட்டின் சாவி அத்தகையது; கணக்கப்பிள்ளையின் பென்சில் அத்தகையது. இக்காலத்தில் அந்த வரிசையில் வந்து சேர்ந்திருப்பது, விரல் நீளமே உள்ள பென் டிரைவ் என்னும் கருவியாகும். சட்டைப் பையிலும் சாவிக் கொத்திலும் அடங்கிவிடும் அச்சிறு கருவிக்குள் ஒரு குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், திருமணப் படங்கள், பாட்டி பாடிய தாலாட்டு, ஊரார் ஆடிய காமன்கூத்து ஆகிய யாவும் அடங்கிக் கிடக்கின்றன.

அத்தகைய கருவி ஒரு நாள் திறக்க மறுத்தால் என்ன செய்வது? நாளைய தினம் விண்ணப்பத்தின் கடைசி நாள். இன்று பதுளை நகருக்கு வந்து கணினியிற் செருகினால், திரையில் ஒன்றும் தோன்றவில்லை. அல்லது, விளங்காத ஒரு வாசகம் தோன்றி அச்சுறுத்துகின்றது. பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் பஸ் ஏறி வருவோர் பலருக்கு நேரக்கூடிய இடர் இது. இதற்குக் காரணம் யாது, பரிகாரம் யாது, செய்யத் தகாதது யாது என்பவற்றை முறையே நோக்குதல் பயன் தரும்.

மலையகத் தமிழ் மக்களுக்கு ஆவணம் என்பது வெறுங் காகிதமாக என்றும் இருந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கடல் கடந்து வந்த தொழிலாளர், தகரத்தாலான வில்லை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தனர். இன்னார் இன்ன தோட்டத்துக்குரியவர் என்பதை அதிற் பொறித்த எழுத்தும் எண்ணுமே அறிவித்தன. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவருக்குத் தம் கடன் தொகை குறித்த ‘துண்டு’ தேவைப்பட்டது. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிந்தது.

பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்பதையோ நிறுவுமாறு அச்சட்டம் கேட்டது. பதிவுகள் ஒழுங்காகப் பேணப்படாத காலத்திற் பிறந்த முன்னோருக்குச் சான்று தேடி மக்கள் அலைந்தனர். அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. அவற்றுட் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியவர் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பங்கிட்டன. நாடற்றோராக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இத்தனை கதையும் காகிதத்தின் கதையே. ஆகவேதான் தோட்டத்து முதியோர் தகரப் பெட்டியின் அடியிற் பழைய காகிதங்களைப் பொன்போற் பொதிந்து வைத்தனர். ஆனால், தகரப் பெட்டிக்கும் அழிவு உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிற் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியபோது உயிர்கள் பல மாண்டன; உயிர் தப்பியோர் பலர் உடுத்த உடையோடு நின்றனர். 2025ஆம் ஆண்டு நவம்பரில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களிற் சரிந்தன. இத்தகைய இடத்தில், காகிதத்தைப் படமெடுத்துப் பென் டிரைவிற் சேமித்து வைப்பது அறிவுடைமையே. ஆனால், அக்கருவியின் இயல்பை அறியாது அதனை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது.

கருவியின் இயல்பு இதுதான். பென் டிரைவின் உள்ளே முக்கியமான இரு சில்லுகள் உள்ளன. ஒன்று செய்தியைத் தாங்கும் நினைவுச் சில்லு. மற்றையது அதனை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு. ஃபிளாஷ் நினைவகம் எனப்படும் இவ்வகை நினைவுச் சில்லை 1980களில் உருவாக்கியவர் ஜப்பானியத் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்பவர். அதனைக் கொண்ட பென் டிரைவுகள் 2000ஆம் ஆண்டளவிற் சந்தைக்கு வந்தன. அக்காலத்தில் 8 மெகாபைட் கொள்ளும் கருவியே வியப்புக்குரியதாயிருந்தது. இன்று அதனைப்போற் பல்லாயிரம் மடங்கு கொள்ளும் கருவியை ஒரு சிறுவனும் கையில் வைத்திருக்கின்றான்.

நினைவுச் சில்லின் நுண்ணிய அறைகளில் மின்னேற்றம் சிறைப்பட்டு நிற்கின்றது. மின்சாரம் இல்லாதபோதும் அது வெளியேறாதவாறு மெல்லிய காப்புப் படலம் ஒன்று தடுத்து வைக்கின்றது. எழுதுந்தோறும் அழிக்குந்தோறும் அப்படலம் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. பல ஆண்டுகள் கணினியிற் செருகாது கிடந்தாலும் மின்னேற்றம் மெல்லக் கசியக்கூடும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். ஆகவே, பென் டிரைவ் என்பது செய்தியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் பைக்கு ஒப்பானது. அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கும் பெட்டகமாகக் கருதுதல் தவறு.

மற்றொன்றும் அறிய வேண்டும். கணினி, கோப்புகளை நேரே தேடிக் காண்பதில்லை. எந்தக் கோப்பு எந்த அறையில் உள்ளது என்று குறித்த அட்டவணை ஒன்றைப் பார்த்தே அது கோப்பைத் திறக்கின்றது. இதனைத் தோட்டத்து ஆபீசின் செக்ரோலுக்கு ஒப்பிடலாம். இன்னார் ஏழாம் நம்பர் மலையிற் கொழுந்து பறிக்கின்றார், இன்னார் ஸ்டோருக்குச் சென்றுள்ளார் என்பது அந்தப் பேரேட்டிற் பதிந்திருக்கும். ஒரு நாள் மழையில் நனைந்து பேரேடு கிழிந்துவிட்டதென்று கொள்வோர், மலையில் ஆளே இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆள்கள் மலையில் இருக்கின்றனர், யார் எங்கே என்று ஆபீசுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. திறக்காத பென் டிரைவுகளுட் பலவற்றின் நிலை இதுவே. கோப்புகள் உள்ளே இருக்கின்றன. அட்டவணை மட்டும் சிதைந்திருக்கின்றது.

இந்த நிலையிற்றான் கணினி ஒரு கேள்வி கேட்கின்றது: இக்கருவியைப் பயன்படுத்துமுன் போர்மட் செய்தல் வேண்டும், செய்யலாமா என்பது அக்கேள்வி. பதற்றத்தில் இருப்பவர் உடனே சம்மதித்துவிடுவர். போர்மட் என்பது வெற்றுப் பேரேடு ஒன்றைப் புதிதாகத் திறப்பதாகும். விரைவு முறையிற் செய்தால் அட்டவணையே பெரும்பாலும் புதிதாகும்; பழைய கோப்புகள் சிறிது காலம் உள்ளே கிடக்கலாம். முழு முறையிற் செய்தாலோ, விஸ்டாவுக்குப் பிந்திய விண்டோஸ் கணினிகள் எல்லா இடத்திலும் சுழியத்தை எழுதி, இருந்ததைத் துடைத்துவிடுகின்றன. அதன்பின் மீட்பு இல்லை.

கணினிக் கடையின் நல்ல தொழிலாளி ஒருவரை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

“அண்ணே, போர்மட் பண்ணச் சொல்லிக் கேக்குது, பண்ணிறவா?” என்று ஒரு பெண் கேட்கின்றாள்.

“பொறு தங்கச்சி. உள்ளுக்கு என்ன இருக்கு? வேற எங்கயாவது கொப்பி இருக்கா?” என்று அவர் திருப்பிக் கேட்கின்றார்.

முதலிற் கேட்கத் தக்க கேள்வி அதுவே. வேறு படி இருக்குமாயின் தயங்காது போர்மட் செய்துவிடலாம். இல்லையேல், அந்த வினாவுக்கு ‘வேண்டாம்’ என்பதே விடை. அந்தப் பென் டிரைவில் அதன்பின் ஓர் எழுத்தும் எழுதலாகாது. புதிய பாட்டு, புதிய படம் எதுவும் ஏற்றலாகாது. ஏனெனில், புதிதாக எழுதப்படுவது, பழைய கோப்பு கிடக்கும் அறையின் மீதே சென்று விழக்கூடும்.

அடுத்து, குற்றம் எங்கே உள்ளது என்று காண வேண்டும். பென் டிரைவிலா, செருகும் துவாரத்திலா, கணினியிலா என்பதைப் பிரித்தறியாமற் செய்யும் வைத்தியம் நோய் அறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும். முதலில் வேறொரு துவாரத்திற் செருகிப் பார்க்க வேண்டும். மேசைக் கணினியாயின், பின்புறத் துவாரமே நம்பிக்கைக்குரியது. கம்பியால் நீட்டிய துவாரங்கள் போதிய மின்சாரம் தாராதொழியலாம். அதன்பின் வேறொரு கணினியிற் பார்க்க வேண்டும். பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் பனியும் ஈரமும், அடுப்பங்கரைப் புகையும் உலோக முனையிற் படிவதுண்டு. உலர்ந்த மென்துணியால் அதனைத் துடைத்தல் நன்று. நீர் பட்டிருந்தால் நன்கு உலருமுன் செருகலாகாது. அடுப்பிற் காட்டி உலர்த்துதலும் ஆகாது.

இவற்றைச் செய்த பின்னரும் திறக்கவில்லையாயின், அறிகுறியைக் கொண்டு நோயை வகுக்கலாம். விண்டோஸ் கணினியில் ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ என்னும் பகுதியைத் திறந்தால், செருகப்பட்ட கருவிகள் யாவும் வரிசையாகத் தெரியும்.

அங்கே பென் டிரைவ் உரிய கொள்ளளவோடு தெரிந்தும், அதற்குரிய எழுத்து மட்டும் இல்லாதிருப்பதுண்டு. வீட்டுக்குக் கதவிலக்கம் இல்லாததைப் போன்ற குறை இது. எழுத்து ஒன்றைக் குறித்துக் கொடுத்தால் திறந்துவிடும். இதுவே மிக எளிய நோய்.

கொள்ளளவு சரியாகத் தெரிந்து, அமைப்பின் பெயருக்குப் பதிலாக ‘ரோ’ என்று காட்டுமாயின், மேலே சொன்ன அட்டவணைச் சிதைவே பெரும்பாலும் காரணம். இதற்கு மருந்து உண்டு. அதனைச் சற்றுப் பின்னர் காணலாம்.

கருவியின் பெயர் தெரிந்தும், உள்ளே எதுவும் இல்லை என்று சுழியத்தைக் காட்டுமாயின், கட்டுப்பாட்டுச் சில்லு பழுதுபட்டிருக்கலாம். செருகியும் விளக்கு எரியவில்லை, எந்தக் கணினியிலும் தெரியவில்லை என்றால், முனை ஒடிந்தோ பற்றாசு விட்டோ இருக்கலாம். வளைந்த முனையைக் கையால் நிமிர்த்த முயல்வது, எஞ்சிய இணைப்பையும் அறுத்துவிடும். இவ்விரண்டும் மின்னணுவியல் தெரிந்தவரின் கைக்குரிய வேலை. எந்த மென்பொருளும் இதனைத் தீர்க்காது.

வேறு சில நேரங்களிற் பென் டிரைவ் திறக்கும். ஆனால், கோப்புகள் இருந்த இடத்திற் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் காணப்படும். இது வைரசின் வேலை. பல கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் சென்றுவரும் பென் டிரைவ், பல கிணற்று நீர் பட்ட வாளி போன்றது. 2008ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொன்ஃபிக்கர் என்னும் வைரசுக்கும் பென் டிரைவ் ஒரு வாகனமாயிற்று. குறுக்குவழி வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து வைக்கின்றது. அச்சின்னங்களை அழுத்தாது, முதலில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதித்து, மறைந்த கோப்புகளையும் காக்கப்பட்ட கோப்புகளையும் காட்டுமாறு கணினியை அமைத்தால், மறைந்தவை வெளிப்படும்.

இன்னும் ஒரு வகை உண்டு. கணினியில் திறக்கும் பென் டிரைவ் தொலைக்காட்சிப் பெட்டியில் திறப்பதில்லை. இது நோயன்று, மொழி வேறுபாடு. அட்டவணை எழுதும் முறைகள் பலவாகும். 1996ஆம் ஆண்டில் வந்த ‘ஃபேட் 32’ என்னும் முறையைப் பழைய கருவிகளும் அறியும். ஆனால், 4 கிகாபைட் அளவுள்ள ஒரு தனிக் கோப்பை அது ஏற்பதில்லை. விடியும்வரை நடந்த காமன்கூத்தை ஒரே கோப்பாகப் பதிந்தவர், அது பென் டிரைவில் ஏற மறுப்பதைக் கண்டு திகைப்பதற்கு இதுவே காரணம். 2006ஆம் ஆண்டில் வந்த ‘எக்ஸ்ஃபேட்’ முறை அதனை ஏற்கும். ஆயின், பழைய பெட்டிகள் சில அம்முறையை அறியா.

தமிழருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பென் டிரைவ் திறக்கின்றது, கோப்பும் திறக்கின்றது. ஆனால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அதனை அழித்துவிடுவோர் உளர். இலங்கையிற் பாமினி என்னும் எழுத்துருவிற் பல்லாண்டு காலம் தமிழ் அச்சேறி வந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு இவ்வாறே தோன்றும். பாமினியை நிறுவினால், அல்லது யூனிகோடுக்கு மாற்றினால், எழுத்து மீண்டும் தமிழாகிவிடும். கோயில் மலர், சங்க அறிக்கை, பழைய கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றை வைத்திருப்போர் இதனை மறத்தலாகாது.

இனி, அட்டவணை சிதைந்த பென் டிரைவுக்குரிய பரிகாரம். இதில் ஒழுங்குமுறையே முக்கியம். முதலில், கருவியில் உள்ளதை அப்படியே முழுமையாக வேறொரு பெரிய வட்டில் ஒரு படியாக எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்பு வேலைகள் யாவும் அப்படியின் மீதே நடைபெறுதல் வேண்டும். அவ்வாறு செய்தால், ஒரு முயற்சி தவறினும் மூலம் கெடாது. பின்னர் ‘டெஸ்ட் டிஸ்க்’, ‘ஃபோட்டோ ரெக்’ முதலிய மென்பொருள்களைப் பயன்படுத்தலாம்; இவ்விரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. முன்னது சிதைந்த அட்டவணையைச் சீர்செய்ய முயலும். பின்னது அட்டவணையையே நோக்காது, படத்துக்கும் ஆவணத்துக்கும் உரிய தொடக்கக் குறிகளைக் கொண்டு அறை அறையாகத் தேடி எடுக்கும். அவ்வாறு எடுத்தவற்றிற்குப் பழைய பெயர் இராது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே இனங்காண வேண்டும். மீட்ட கோப்புகளை அதே பென் டிரைவிற் சேமித்தல் கூடாது.

விண்டோஸில் ‘செக் டிஸ்க்’ என்னும் ஏற்பாடும் உண்டு. அது அட்டவணையைத் திருத்தும். ஆனால், தனக்கு விளங்காத பகுதிகளை வெட்டி ஒதுக்கியும் விடும். ஆதலின், முழுப் படி எடுத்த பின்னரே அதனைக் கையாளுதல் தகும். விண்டோஸ் திறக்க மறுப்பதை லினக்ஸ் கணினி சில வேளை வாசித்துவிடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

எல்லாம் மீளும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. சிறப்பாக, மலிவு விலையிற் பெருங் கொள்ளளவு எனப் பொய்யாகக் குறித்து விற்கப்படும் கருவிகளில், உண்மையான அளவுக்கு மேல் எழுதப்பட்டவை எங்கும் தங்குவதில்லை. கோப்பின் பெயர் தெரியும். உள்ளே பொருள் இராது. புதிதாக வாங்கிய பென் டிரைவை அதற்குரிய மென்பொருளால் முழுமையாகச் சோதித்த பின்னரே பயன்படுத்துதல் நன்று.

கடையிற் கொடுத்து மீட்போர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், குடும்பப் படங்கள் ஆகியவை பிறர் கணினியில் தங்கிவிடுதல் நல்லதன்று. வேலை முடிந்ததும் அங்குள்ள படியை அழித்துத் தருமாறு கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வந்தபின் வருந்துவதினும் வருமுன் காத்தலே எளிது. பென் டிரைவுகளின் அட்டவணை சிதைவதற்குப் பெருங் காரணம், எழுதிக்கொண்டிருக்கும்போதே அதனைப் பிடுங்குதல். கணினி ‘முடிந்தது’ என்று காட்டிய பின்னரும் உள்ளே எழுதும் வேலை சிறிது நேரம் நடைபெறலாம். கணினியிடம் முறைப்படி விடைபெற்றுக் கழற்றும் அந்த ஒரு நிமிடம், பின்னர் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் லயன்களில், இடி முழங்கும் வேளையிற் கோப்பு ஏற்றாதிருத்தலே நன்று.

எல்லாவற்றினும் மேலான காப்பு, ஒன்றை மூன்றாக வைத்தலாகும். மூன்று படிகள், அவை இரு வேறு வகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில். வீட்டிலுள்ள பென் டிரைவும் வீட்டிலுள்ள கணினியும் ஒரே மண்சரிவில் அழியக்கூடும். கொழும்பில் வேலை செய்யும் மகனிடத்திலோ, ஒப்பந்த காலத்திற் கப்பலேறிச் சென்று நீலகிரியிற் குடியேறிய உறவினரிடத்திலோ ஒரு படி இருக்குமாயின், இங்கே அழிந்தது அங்கிருந்து மீளும். இணையச் சேமிப்பிடங்களும் இதற்கு உதவும். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளியோ பொங்கலோ எந்த நாளாயினும், படிகளைத் திறந்து பார்த்து, பழைய கருவியிலிருந்து புதிய கருவிக்கு மாற்றிவைத்தல் வேண்டும்.

பிறப்புச் சான்றிதழின் பிரதி தொலைந்தால் பிரதேச செயலகத்தில் மீண்டும் விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால், 1950களிற் பாட்டனார் குடியுரிமைக்காக எழுதிய விண்ணப்பத்தின் படத்தை எந்த அலுவலகமும் மீண்டும் தராது. மறைந்த தாயின் குரலை எந்தத் தொழில்நுட்பமும் மீண்டும் பாடவைக்காது. தகரப் பெட்டியிற் காகிதத்தைக் காத்த முன்னோர், கறையானையும் ஈரத்தையும் அறிந்து, அவ்வப்போது வெயிலிற் காயவைத்தே காத்தனர். அவர்கள் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கும் கருவி புதியது. வேண்டப்படும் விழிப்போ பழையதேயாகும்.